எதிர்பாராச் சம்பவங்களின் கால அட்டவணை

லிப்ட்காரனுக்கு எந்தக் குழுவிலும் சேரும் ஆசை என்றைக்கும் இருந்ததில்லை. நகரத்தில் பாதிக் கட்டடங்களில் லிப்ட் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருவான், கழற்றுவான், துடைப்பான், மாட்டுவான், ஓடவிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நின்றுபோனதை ஓடவைப்பது அவன் பிழைப்பு. ஓடுவதை நிறுத்துவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்கு லெட்டர்பேடும் முத்திரையும் நான்கு இரும்பு அலமாரியும் உண்டு என்பதெல்லாம் அவனுக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரியவந்தது. அதற்குக் காரணம் அவன் அக்காவுக்கு வந்த இடமாற்ற உத்தரவு.

அக்கா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருடத்தில் அறிமுகமில்லாத மனிதர்களிடம் அவள் பேசிய பேச்சு மொத்தமே மூன்று: மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, விடுங்க. நான்காவதாக ஒரு வார்த்தை பேசவேண்டி வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விசேஷ வீட்டுக்குப் போனால் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்கடைக்காரரின் பின்னறைக்குள் நுழைந்தால் வேறு பிறவி. அவள் போடுகிற கூச்சலில் முன்கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் எழுத்துகளை மாற்றிப் படிப்பார்கள்.

அங்கே அவர்கள் ஆடுவது கதையாட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதைக்குள் நான் இப்போது இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா, மண்ணைக் கவ்வியதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். மேஜையில் கதை சொல்வது லிப்ட்காரன். ஆடுகிறவர்கள் அக்கா, கண்ணாடிக்கடைக்காரர், ஒரு பேருந்து ஓட்டுநர், அவர் மனைவி. ஆறு வருடமாக ஒரு சனிக்கிழமை தப்பியதில்லை. அக்காவின் பாத்திரம் ஆற்றுப் பாலத்தில் சுங்கம் வாங்கும் ஒரு கிழவி. ஒரு கால் விந்தும், வாய் விந்தாது. தலைக்கு மேலே பறந்துபோன டிராகனைக் கீழே இறங்கச் சொல்லிச் சுங்கம் வாங்கியவள் அவள். இறங்கியதா என்று கேட்பவர்களுக்கு ஓட்டுநர் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வார், இறங்கியது, வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது என்று.

உத்தரவு வந்தது. ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் ஓர் ஊர். மூன்று வாரத்தில் போய்ச் சேரவேண்டும். அங்கே அவளுக்கு ஒரு ஈ, காக்கை தெரியாது.

"அங்க போய் நான் யார்கூடடா பேசுவேன்?" என்று அக்கா கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். லிப்ட்காரன் பார்க்கிறவர்களிடமெல்லாம் வழி கேட்டான்.

வழி சொன்னவர் கண்ணாடிக்கடைக்காரர். "பொது ஆட்டம்னு ஒண்ணு இருக்குப்பா. நாற்பத்து மூணு ஊர், நாற்பத்து மூணு மேஜை, எல்லாருக்கும் ஒரே கதை, ஒரே உலகம். இங்க ஆடின பாத்திரத்தை ஒரு புத்தகத்துல பதிஞ்சு முத்திரை குத்தித் தருவாங்களாம். அதைக் கையில எடுத்துட்டுப் போனா எந்த ஊர் மேஜையிலயும் நாற்காலி இழுத்துப் போடணும். அக்கா போற ஊர்லயும் ஒரு மேஜை இருக்கு. நான் பட்டியல்லயே பார்த்தேன்."

முன்பின் தெரியாத ஊரில் முதல் சனிக்கிழமையே ஆறு பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள். லிப்ட்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளே கிளம்பிவிட்டான்.

அந்த அலுவலகம் மூடிக்கிடந்த ஒரு தட்டச்சுப் பள்ளிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் கதவில் 'பழுது. பரிசீலனையில் உள்ளது' என்று தட்டச்சடித்து ஒட்டியிருந்தார்கள். காகிதம் மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. அவன் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். பழுதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவைத்திருந்தார்கள். கை துறுதுறுத்தது. வந்த வேலையைப் பார்ப்போம் என்று படியேறினான்.

கதவின் மேல் 'அனைத்து மேஜைப் பொது ஆட்டம்: திட்டமிடல் தலைமைக்குழு' என்று பலகை. உள்ளே செயலாளர் உட்கார்ந்திருந்தார். முன்பு ஏதோ விடுதியில் வார்டனாக இருந்த அம்மையார். வேலை போனாலும் இடுப்பில் சாவிக்கொத்து போகவில்லை.

"எங்க மேஜையைச் சேர்க்கணும்மா. நாங்க ஆறு வருஷமா ஆடிட்டிருக்கோம்" என்றான்.

சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கியது. "ஆடிட்டிருக்கீங்களா?"

"ஆமாம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை."

"யார் அனுமதிச்சா?"

"யாரும்... நாங்களா ஆரம்பிச்சோம்."

அம்மையார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுவர் ஏறிக் குதித்துப் படம் பார்த்துவிட்டு வந்த விடுதி மாணவியை அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு இருபத்தாறு பக்க விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "ஆடினதை மறைக்க வேண்டாம். பத்தொன்பதாம் பக்கத்துல 'முன்குற்றங்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதிடுங்க. மன்னிக்கிற அதிகாரம் தலைவருக்கு உண்டு."

விண்ணப்பம் என்றால் லேசுப்பட்டதா! பாத்திரத்தின் பெயர், பாத்திரத்தின் தாய் தந்தை பெயர், பாத்திரத்தின் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. பாத்திரம் இதற்கு முன் இறந்ததுண்டா, ஆம் எனில் எத்தனை முறை, ஒவ்வொரு முறைக்கும் சான்று இணைக்கவும். காயங்கள் இருப்பின் அவை ஏற்பட்டபோது உடனிருந்த இரு பாத்திரங்களின் வாக்குமூலம். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வேதாளத்தின் பெயரில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேதாளத்தின் கையெழுத்து கண்ணாடிக்கடைக்காரரின் கையெழுத்தைப் போலவே இருக்கிறது என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினார்கள். இடதுகையால் எழுதிக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது பகடைப் பரிசோதனை.

பகடைப் பரிசோதகர் எடை அளவுத் துறையில் தராசுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஒரு மேஜை விளக்கின் கீழே பகடையை உருட்டி, எண்ணைப் பேரேட்டில் எழுதி, மறுபடி உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்னத் துணிப் பைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர்.

"உங்க மேஜைப் பகடை எல்லாத்தையும் இங்க வச்சுட்டுப் போங்க" என்றார்.

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"தேறினா உடனே."

"இதுவரைக்கும் எத்தனை தேறியிருக்கு?"

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஒண்ணுகூட இல்ல தம்பி. நாலு வருஷமா நானும் பார்க்கிறேன். ஒரே பகடை, ஒரே மேஜை, ஒரே கை. காலையில ஏழு காட்டுது. சாயந்திரம் பதினெட்டு காட்டுது. கேட்டா அப்படித்தான்னு சொல்றாங்க. நான் முப்பது வருஷம் தராசு பார்த்தவன். ஒரு கிலோ வச்சா ஒரு கிலோ காட்டணும். இதுக்கெல்லாம் எப்படி முத்திரை குத்துறது? என் மனசாட்சி இடம் கொடுக்கல."

அக்காவின் பச்சைப் பகடை உட்பட ஐந்து பகடையும் துணிப் பைக்குள் போயின. அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக்கடைப் பின்னறையில் காகிதச் சீட்டில் ஒன்று முதல் இருபது வரை எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கி ஆடினார்கள். ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை வரைபடத் துணைக்குழுவிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். துணைக்குழுத் தலைவர் ஒரு நில அளவையாளர். ஒரு சுவர் முழுக்கப் பொது ஆட்ட உலகத்தின் படம். மலை இருந்தது, காடு இருந்தது, நாற்பத்து மூன்று ஊர் இருந்தது. நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க விண்ணப்பத்துல ஒரு சிக்கல்" என்றார் அளவையாளர். "விண்ணப்பதாரரோட பாத்திரம் ஆற்றுப் பாலத்துல சுங்கம் வாங்குறதா எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஆறு இன்னும் முடிவாகல."

லிப்ட்காரன் படத்தைப் பார்த்தான். "இந்த வெள்ளையா இருக்கிறது..."

"அது ஆறு வரவேண்டிய இடம். ரெண்டு கரையும் போன வருஷமே நிறைவேத்தியாச்சு. தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்கிறதுல கருத்து வேறுபாடு. வடக்குன்னு பதினோரு பேரு, தெற்குன்னு பதினோரு பேரு. நான் நடுநிலையா ஒரு யோசனை சொன்னேன். ஒத்தைப்படை வாரம் வடக்கே ஓடட்டும், ரெட்டைப்படை வாரம் தெற்கே ஓடட்டும்னு. ரெண்டு தரப்பும் என்னைத் துரோகின்னுட்டாங்க. எனக்கு ரத்த அழுத்தம் வந்ததே அதுல இருந்துதான்."

"அப்ப பாலம்?"

"பாலம்னு போட முடியாது. 'உலர் பாலம்'னு போடலாம். ஆறு இல்லாத இடத்துல சுங்கம் எதுக்குன்னு கேள்வி வரும். கேள்வி வரும்போது பார்த்துக்கலாம். அக்காவைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க."

அக்காவிடம் வந்து சொன்னபோது அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "உலர் பாலமா? போட்டுக்கட்டும்டா. தண்ணி இல்லாத ஆத்தைத் தாண்டுறவன்கிட்டயும் நான் வாங்காம விடமாட்டேன்." அவள் சிரித்ததில் லிப்ட்காரனுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் நாட்காட்டியில் எட்டு நாள்தான் பாக்கி இருந்தது.

பொதுக்குழுக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. அக்காவின் விண்ணப்பம் முப்பத்தொன்றாவது பொருள். அக்காளும் தம்பியும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் நாற்பது பேர். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு துணைக்குழுவின் தலைவர். மேடையில் பொது ஆட்டத் தலைவர். அவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, நான் வாழ்க்கையில ஒரு தடவைகூட இந்த ஆட்டத்தை ஆடினதில்ல. இதை நான் பெருமையோட சொல்றேன்." கைதட்டல். "ஆடினவனுக்கு ஒரு ருசி வந்துடும். ருசி வந்தவன் நடுநிலையா இருக்க முடியாது. அதனாலதான் இந்தத் தலைமைக்குழுவுல ஆடத் தெரிஞ்ச ஒருத்தரைக்கூட நாம சேர்க்கல. அதோட பலனைப் பாருங்க. நாலு வருஷம். நாற்பத்து மூணு மேஜை. ஒரு தகராறு வந்திருக்கா? ஒரு புகார்? ஒரே ஒரு புகார்?" நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் பதவியில இருந்தப்பவும் இப்படித்தான். ஒரு வருஷம் கேள்வித்தாள் கசியப்போகுதுன்னு தகவல் வந்தது. மத்தவங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? கேள்வித்தாளை மாத்தியிருப்பாங்க. நான் தேர்வையே நடத்தல. கசிஞ்சுதா? கசியல! அந்த வருஷம்தான் எனக்குப் பதக்கம் கொடுத்தாங்க."

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த வருடத்துப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு பொருள் ஒன்று: எதிர்பாராச் சம்பவங்களின் கால அட்டவணை. பொது ஆட்டம் என்றால் எல்லா ஊரிலும் எல்லாம் சமமாக நடக்கவேண்டும் அல்லவா? ஓர் ஊரில் கொள்ளையர் திடீரென்று பாய்ந்து, இன்னோர் ஊரில் பாயாமல் இருந்துவிட்டால்? ஆகவே ஒரு துணைக்குழு பதினான்கு மாதம் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தது. செயலாளர் அம்மையார் படித்தார்.

"மூன்றாவது சனிக்கிழமை, பிற்பகல் நான்கு நாற்பது: புதர்களில் பதுங்கியிருந்த கொள்ளையர் சற்றும் எதிர்பாராத விதமாகப் பாய்வர். நான்கு நாற்பத்தைந்து: வீரர்கள் திடுக்கிடுவர்."

முதல் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "நாலு நாற்பது தேநீர் இடைவேளைங்க. அந்த நேரத்துல எப்படித் திடுக்கிடுறது?"

இன்னொருவர், அஞ்சு நிமிடத்தில் திடுக்கிட்டு முடிக்க முடியாது, முதியவர்களுக்கு எட்டு நிமிடமாவது வேண்டும் என்றார். மூன்றாமவர் கொள்ளையர் பாய்வதை ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால் எல்லோரும் தயாராகத் திடுக்கிடலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது ஏகமனதாக நிறைவேறியது. லிப்ட்காரன் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். கருத்துச் சொல்ல விரும்புகிறார் போலிருக்கிறது என்று மேடையிலிருந்து பார்த்தார்கள். கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டான்.

முப்பத்தொன்றாவது பொருள் மதியம் இரண்டரைக்கு வந்தது. தலைவர் கோப்பைப் புரட்டினார். முகம் மாறியது.

"இதுல ஒன்பதாம் படின்னு போட்டிருக்கே?"

கதையாட்டத்தில் பாத்திரம் ஒவ்வொரு இடரையும் தாண்டத் தாண்ட ஒரு படி ஏறும். சுங்கக்காரி ஆறு வருடத்தில் ஒன்பது படி ஏறியவள். லிப்ட்காரன் எழுந்து அதைச் சொன்னான்.

"மத்த நாற்பத்து மூணு மேஜையிலயும் பாத்திரங்கள் எல்லாம் முதல் படியில நிக்குது" என்றார் தலைவர். "இவங்க மட்டும் ஒன்பதாம் படியில போய் உட்கார்ந்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? சமத்துவம்னு ஒண்ணு இருக்கு இல்லையா? சரி, மனிதாபிமானத்தோட ஒரு தீர்வு சொல்றேன். விண்ணப்பத்தை ஏத்துக்கிறோம். இன்னைக்கே முத்திரை. ஒரே ஒரு உறுதிமொழி மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

செயலாளர் அம்மையார் ஒரு தாளை எடுத்துப் படித்தார். "'எனது பாத்திரத்துக்கு இன்றுவரை எதுவும் நேர்ந்ததில்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'"

"கால் விந்துறதை வச்சுக்கலாம்" என்று தலைவர் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். "அலங்காரம்கிற முறையில. காரணம் எழுதக் கூடாது."

லிப்ட்காரனுக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. "எதுவும் நேர்ந்ததில்லையா? ஆறு வருஷம்ங்க! என்ன பேசுறீங்க நீங்க? அந்த டிராகனைக் கீழ இறக்கினப்ப நாங்க அஞ்சு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்னோம். ஓட்டுநர் அழுதுட்டார். உங்க நாற்பது பேர்ல ஒருத்தராவது ஒரு பகடையைக் கையால தொட்டிருக்கீங்களா? ஆடாத கூட்டம் உட்கார்ந்து ஆடினவளைப் பார்த்து ஆடவே இல்லன்னு எழுதிக் கொடுன்னு கேட்குது, வெட்கமா இல்ல?"

செயலாளர் அம்மையார் பேனாவை எடுத்தார். "உறுப்பினரல்லாதவர் உணர்ச்சிவசப்பட்டார். பதிவு செய்யப்பட்டது."

அதற்குள் அக்கா எழுந்து மேடைப் பக்கம் போயிருந்தாள். நாற்பது அந்நியர்கள் பார்க்கிறார்கள். கழுத்தெல்லாம் வியர்த்து, தலையைக் குனிந்துகொண்டு போனாள். தாளை வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

படியிறங்கும்போது லிப்ட்காரன் பொருமிக்கொண்டே வந்தான். "எதுக்குக்கா போட்டே? கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சுட்டு வந்திருக்க வேண்டாமா?"

"எறிஞ்சுட்டு?" அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எறிஞ்சுட்டு நான் அந்த ஊர்ல போய்ச் சுவரைப் பார்த்து உட்காரவா? டிராகன் போனா போகுதுடா. உங்க நாலு பேருக்கும் தெரியும், அது போதும். எனக்கு அங்க உட்கார ஒரு நாற்காலி வேணும்."

சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கிப் போனாள். அக்கா அழுதாளா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் அழுதான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினான்.

புதன்கிழமை ரயிலேற்றிவிட்டான். சனிக்கிழமை பின்னறையில் நான்கு பேர் பேருக்கு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் சீட்டுக் குலுக்கக்கூட மனம் வரவில்லை. ஆறு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது.

"ரொம்ப மரியாதையா நடத்தினாங்கடா. எனக்குன்னு ஒரு நாற்காலி, அதுல என் பேரு."

"அப்பாடா. என்ன கதை போயிட்டிருக்கு அங்க?"

"கதைன்னு... முதல்ல போன வாரக் கூட்டக் குறிப்பு படிச்சாங்க. அப்புறம் வந்த சுற்றறிக்கை எல்லாம் படிச்சாங்க. அப்புறம் ஆளாளுக்குப் புத்தகத்தை எடுத்து 'இந்த வாரம் எதுவும் நேரவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"ஆட்டம்?"

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலையாம். உத்தரவு வரலையாம். நாலு வருஷமா. பகடைகூடக் கிடையாதுடா, பரிசோதனைக்குப் போயிருக்காம்."

நாலு வருஷம், ஒரு புகார்கூட இல்லை! மேடையில் தலைவர் மார்தட்டியது அப்போதுதான் லிப்ட்காரனுக்கு முழுசாகப் புரிந்தது. இந்த லட்சணத்துக்கா அவள் டிராகனைக் கொடுத்துவிட்டுப் போனாள்? அவளை அங்கே கொண்டுபோய்த் தள்ளியவனே தான்தான் என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு துணிக்கடையில் லிப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டிருந்தார்கள். மொட்டைமாடி மோட்டார் அறையில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.

"டேய், ஒரு சங்கடம்." அக்கா அடித்தொண்டையில் பேசினாள். "நேத்து கிளம்புறப்ப ஒரு செருப்புக்கடைக்காரம்மா என் புத்தகத்தைப் பார்த்துட்டு, இந்தக் கால் எப்படி விந்துச்சுன்னு கேட்டுட்டாங்க. காரணம் எழுதக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு இல்லையே? நான் பாதி சொன்னேன். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. இப்ப மீதியைக் கேட்கணும்னு ஆறு பேரும் வீட்டுக்கே வந்துட்டாங்கடா. உள்ள உட்கார்ந்திருக்காங்க. எனக்கு நாற்காலி ரெண்டுதான் இருக்கு. மத்தவங்க பெட்டி மேல."

"நல்லதுதானே, சொல்லு."

"சொல்லி முடிச்சுட்டேன். இப்ப ஆடிக் காட்டுங்கறாங்க. எனக்குக் கதை சொல்லிப் பழக்கமே இல்ல. அது உன் வேலை. முதல்ல என்னடா சொல்லணும்?"

லிப்ட்காரன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "சீட்டு எழுதி டம்ளர்ல போட்டியா?"

"போட்டுட்டேன்."

"அவங்க எங்க நிக்கிறாங்கன்னு சொல்லு. எதிர்ல எதையாவது ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்து. அப்புறம் என்ன பண்றீங்கன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்க. அவ்வளவுதான்க்கா. போனை அப்படியே வச்சுக்க, நான் கேட்கிறேன்."

கொஞ்ச நேரம் காலடிச் சத்தம். பெட்டி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அக்காவின் குரல், எக்ஸ்ரே அறைக் குரல், எச்சில் விழுங்கி விழுங்கி வந்தது. "நீங்க ஆறு பேரும்... ஒரு காட்டுப் பாதையில நடந்து போறீங்க. எதிர்ல ஒரு புதர். அது அசையுது. என்ன பண்றீங்க?"

ஒரு சத்தமும் இல்லை. லிப்ட்காரன் குனிந்து போனில் உயிர் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஓர் ஆண்குரல் கேட்டது. "இதுக்கு நாங்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"யார்கிட்டயும் இல்லீங்க."

"அட்டவணையில இந்தப் புதர் இருக்குங்களா?"

"இல்ல. இப்பத்தான் முளைச்சுது."

யாரோ இருமினார்கள். யாரோ மெல்ல, மணி என்ன ஆச்சு, திடுக்கிடுறதா இருந்தா நேரம் குறிக்க வேண்டாமா என்றார்கள். பதில் சொல்ல அக்கா வாயைத் திறக்கவில்லை. தம்பி சொன்னபடியே மூடிக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான்கு வருடமாக 'எதுவும் நேரவில்லை' என்று எழுதி எழுதி மரத்துப்போன ஆறு பேர் ஒரு புதரைப் பார்த்துக்கொண்டு நிற்பது மோட்டார் அறையில் இருந்த அவனுக்கு அப்படியே தெரிந்தது. அவ்வளவுதான், ஒன்றும் தேறாது என்று நினைத்தான்.

அப்போது ஒரு பெண்குரல், செருப்புக்கடைக்காரம்மாவாக இருக்கவேண்டும், நடுங்கிக்கொண்டே வந்தது.

"நான் ஓடிடுறேன்."

பொது ஆட்டம் என்ற ஒன்று தொடங்கி நான்கு ஆண்டுகளில் அதில் எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை.

"நானும்!" என்றார் அந்த ஆண்குரல்காரர். "நானும் ஓடுறேன்!" பெட்டிகள் நகர்ந்தன. யாரோ சிரித்தார்கள். டம்ளர் கவிழ்ந்து சீட்டுகள் சிதறுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே, முன்பின் தெரியாத ஆறு பேரைப் பார்த்து, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி அக்கா போட்டாளே ஒரு அதட்டல்:

"ஓடினா மட்டும் போதுமா? எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்க, அது வெளிய வந்துடுச்சு!"